அன்று யார் முறை

1

இங்கிலாந்தின் வடக்கே, வருடத்தில் பாதி நாள் தூறிக்கொண்டிருக்கும் ஓர் ஊரில் நான் வசிக்கிறேன். இங்கே ஒரு பல்கலைக்கழகத்தின் ஆரம்ப சுகாதாரத் துறையில் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றேன். சென்ற மாதம் அந்தத் துறைக்கு ஆண்டு விழா. மருத்துவர், செவிலியர், மருந்தாளுநர், சமூகப் பணியாளர் எல்லோரும் ஒரே மேசையில் உட்கார்ந்து பாடம் நடத்தும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர்களில் நானும் ஒருவன் என்று என்னைப் பேச அழைத்தார்கள். "உங்கள் கிணற்றுக் கதையைச் சொல்லுங்கள்" என்று கேட்டார்கள்.

நாமக்கல் பக்கத்துக் கிராமம் ஒன்றில் தண்ணீருக்காக வெட்டிக்கொண்ட அண்ணன் தம்பி இருவரை, ஒரு மருத்துவரும் ஒரு வேளாண்மை ஆசிரியரும் ஒரு சமூகவியல் ஆசிரியையும் சேர்ந்து எப்படிச் சமாதானப்படுத்தினார்கள் என்பதுதான் அந்தக் கதை. இதை வருடந்தோறும் புது மாணவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். சகோதரர்கள் ஒரே குடத்துத் தண்ணீரை வாங்கிக் குடிக்கும் இடத்தில் நிறுத்துவேன். கைதட்டுவார்கள். இந்த விழாவிலும் அங்கேதான் நிறுத்தினேன்.

விருந்தின்போது ஓர் இளம் செவிலிப் பெண் தட்டுடன் என்னிடம் வந்தாள். "அந்தச் சகோதரர்கள் பிறகு எப்படி இருந்தார்கள்?" என்று கேட்டாள். "நன்றாக இருந்தார்கள்" என்றேன். "ரொம்ப மகிழ்ச்சி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

இதே கேள்வியை என் மகள் மலர், பத்து வயது ஆவதற்கு முன்பே, சாப்பாட்டு மேசையில் கேட்டிருக்கிறாள். அன்று அவளை அறைந்தேன். உதடு கிழிந்து, தட்டில் இருந்த தயிர்சாதத்தில் ரத்தம் விழுந்தது. என்ன தவறு செய்தோம் என்று அவளுக்குத் தெரியவில்லை. நான் சொல்லவும் இல்லை. அதற்கு முன்னும் பின்னும் நான் அவளை அடித்ததில்லை. அவள் இப்போது வேறு ஊரில் இருக்கிறாள். பண்டிகைக்குப் பேசுகிறாள். அவளுடைய தமிழ் "சாப்டீங்களா அப்பா" என்ற அளவில் நின்றுவிட்டது. தன் பிள்ளைகளுக்கு அவள் அந்தக் கிணற்றுக் கதையைத் தூங்கவைக்கும் கதையாகச் சொல்கிறாள் என்று மருமகன் மூலம் கேள்விப்பட்டேன்.

நான் நிறுத்தும் இடத்துக்குப் பிறகு நடந்ததை எழுதுகிறேன். தமிழில்தான் எழுத முடிகிறது. ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் கை பழக்கத்தில் குடத்துத் தண்ணீரோடு நின்றுவிடுகிறது.

2

எழுபதுகளின் கடைசி. என் அப்பா சேலம் சூரமங்கலத்தில் ரயில்வே குமாஸ்தா. நான் மருத்துவக் கல்லூரியில் சமூக மருத்துவ விரிவுரையாளர். கல்லூரி, வெண்ணந்தூருக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் ஓட்டுக் கட்டடம் ஒன்றை எடுத்து மாணவர்களுக்கான பயிற்சி நிலையம் நடத்தியது. அதற்குப் பொறுப்பாளனாக என்னைப் போட்டார்கள்.

தடுப்பூசியும் வயிற்றுப்போக்கும்தான் வேலையாக இருக்கும் என்று நினைத்துப் போனேன். வந்தது எல்லாம் வெட்டுக்காயம். மழை பொய்த்த வருடம். கிணறுகளில் பாறை தெரிந்தது. மண்வெட்டியால் பிளந்த தோள், கடப்பாரை இறங்கிய பாதம், கல்லால் உடைந்த பல். ஒரு பெண்ணின் காது மடலை அவள் நாத்தனார் கடித்துத் துப்பியிருந்தாள். கடிபட்டவள் அந்தத் துண்டை வெற்றிலையில் மடித்து எடுத்து வந்திருந்தாள்.

நல்லப்பனும் அவர் தம்பி செங்கோடனும் முதல்முதலில் எங்களிடம் வந்தது ஒரே டிராக்டர் டிரெய்லரில். ஊரில் அன்று கிடைத்தது அந்த ஒரு வண்டிதான். இருவருக்கும் தலையில் வெட்டு. வழியெல்லாம் படுத்தபடியே உதைத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். அடுத்தடுத்த பெஞ்சில் கிடத்தி நான் தையல் போட ஆரம்பித்ததும் நல்லப்பன் சொன்னார்:

"டாக்டரே, அவனுக்கு மொதல்ல போடுங்க. செத்துக்கித்துப் போயிட்டா ஊரு என்னையில்ல சொல்லும்."

"நாஞ் சாவ மாட்டனுங்க. இவரு தண்ணிய உடுறதப் பாத்துட்டுத்தான் சாவேன்" என்றார் தம்பி.

அண்ணன் பக்கத்திலிருந்த எனாமல் தட்டை எடுத்து வீசினார். அது தம்பியின் மேல் படாமல் என் முழங்கையில் பட்டது. தம்பியின் மனைவி பாவாயி வாசலில் நின்று, "உங்க ரெண்டு பேருத்தையும் அந்தக் கெணத்துலயே தள்ளி மூடிப்போட்டா ஊரு நிம்மதியா இருக்குமுங்க" என்று கத்தினாள். காயத்தோடு கிடந்த இருவரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அவர்களுடைய அப்பா விட்டுப்போனது ஒரு கிணறு, ஒரு மின்சார மோட்டார். நிலத்தைப் பிரித்துக்கொண்டார்கள், கிணற்றைப் பிரிக்க முடியாது. அதனால் முறை வைத்துக்கொண்டார்கள். இன்று அண்ணன் இறைத்தால் நாளை தம்பி. இரவில் ஊறுகிற தண்ணீர் ஒருவருக்குத்தான் போதும். மோட்டாரின் மெயின் சுவிட்சில் மூன்று பீங்கான் ஃபியூஸ் கட்டைகள் உண்டு. அவற்றைப் பிடுங்கி மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டால் மற்றவர் மோட்டாரை ஓட்ட முடியாது. அந்தப் பக்கத்தில் எல்லாப் பங்குக் கிணறுகளிலும் இதுதான் வழக்கம். முறை முடிந்ததும் கட்டைகளை அடுத்தவரிடம் கொடுக்க வேண்டும். கொடுக்க மறக்கிற அண்ணன்களால்தான் எனக்கு வேலை வந்துகொண்டிருந்தது.

3

நோயாளியின் உடம்பை மட்டும் பார்த்தால் இந்தக் காயங்கள் நிற்காது என்று எனக்குத் தோன்றியது. அது சரியான எண்ணம்தான், இன்றும் அதை மறுக்க மாட்டேன். வேளாண்மைக் கல்லூரி ஒன்றில் விரிவுரையாளராக இருந்த சண்முகத்தையும், சேலத்தில் பெண்கள் கல்லூரியில் சமூகவியல் நடத்திய சரோஜாவையும் போய்ப் பார்த்தேன். சரோஜா குமாரபாளையத்து நெசவுக் குடும்பம். சண்முகம் எப்போதும் விளையாட்டாகப் பேசுகிறவர்.

"நீங்க மனுசன் செத்த பொறவு வர்ற டாக்டரு. நான் பயிரு செத்த பொறவு வர்ற டாக்டரு. இந்தம்மா ரெண்டும் எதுக்குச் செத்துதுன்னு எழுதறவங்க" என்று அவர் சொல்லிச் சிரித்தார். வியாழக்கிழமை மதியம் மூவரும் நிலையத்தில் கூடினோம். மூன்று கல்லூரி முதல்வர்களிடமும் அனுமதி வாங்க நடந்த நடை தனிக் கதை. "பயிர் வாத்தியாருக்கு ஆஸ்பத்திரியில் என்ன வேலை?" என்று கேட்டு ஒரு கோப்பு மாதக்கணக்கில் படுத்துக்கிடந்தது.

கட்டைகளை எங்கள் நிலையத்தில் வைக்கலாம் என்றவர் சரோஜா.

"அண்ணன் ஊட்டுலயும் இருக்கக் கூடாது, தம்பி ஊட்டுலயும் இருக்கக் கூடாது சார். முறைக்காரர் காலையில இங்க வந்து வாங்கட்டும், சாயங்காலம் திருப்பித் தரட்டும்."

"நல்ல யோசன. ஆனா ஒண்ணு" என்றார் சண்முகம். "முறைய மாத்தறதுன்னா நாம மூணு பேரும் ஒத்துக்கிட்டாத்தான் மாத்தணும். ஒருத்தர் கையில உட்டா அவரும் இன்னொரு அண்ணனாயிருவாருங்க."

நான் ஒத்துக்கொண்டேன். சகோதரர்களும் ஒத்துக்கொண்டார்கள். அன்று நிலையத்துக் குடத்திலிருந்து ஒரே செம்பில் இருவரும் தண்ணீர் குடித்தார்கள். நான் இங்கே கைதட்டு வாங்கும் இடம் அதுதான்.

முறை நடந்தது. காலையில் கட்டை வாங்க வருகிறவர் பெஞ்சில் கொஞ்ச நேரம் உட்காருவார். இருமலைச் சொல்லுவார், குழந்தையின் காய்ச்சலைச் சொல்லுவார். வேறு சில பங்குக் கிணற்றுக்காரர்களும் தங்கள் கட்டைகளைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். வெட்டுக்காயம் குறைந்தது. இதைக் கேள்விப்பட்டு, எங்கள் கல்லூரிக்கு வந்திருந்த வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் நேரில் பார்க்க வருவதாகச் சொன்னார். அவர் பல்கலைக்கழகத்தில் ஓர் இடம் காலியாக இருப்பதை எங்கள் துறைத் தலைவர் என் காதில் போட்டார். அன்றிலிருந்து நான் கண்ணாடி முன் ஆங்கிலம் பேசிப் பழகினேன்.

4

பேராசிரியர் வருகிற நாள் காலை. சண்முகமும் சரோஜாவும் அவரை அழைத்து வர சேலத்துக்குப் போயிருந்தார்கள். நல்லப்பன் வெள்ளைச் சட்டை போட்டு நிலையத்துக்கு வந்தார். வரவேற்பு அவர் தோட்டத்தில் என்று ஏற்பாடு. வாழைக்கு நடுவே நாற்காலி போட்டு, இளநீர் வெட்டி வைத்திருந்தார்.

"டாக்டருங்க, எல்லாம் ரெடிங்க. ஆனா வாய்க்கா காஞ்சு கெடக்குது. வெள்ளக்காரருக்குக் காஞ்ச வாய்க்காலையா காட்டறது? தண்ணி சலசலன்னு ஓடுனாத்தானுங்க மதிப்பு. அந்தக் கட்டையக் குடுங்க."

அன்று முறை செங்கோடனுடையது. எனக்கு நன்றாகத் தெரியும்.

"ஒரு நாளுதானுங்களே. நாளைக்கும் நாளன்னைக்கும் அவனே எறச்சுக்கட்டும்" என்றார் நல்லப்பன்.

பேராசிரியரின் கண்ணில் ஓடுகிற தண்ணீர் படவேண்டும் என்று எனக்கும் ஆசை. மூன்று கட்டைகளையும் எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் செங்கோடன் வந்தார். நான் கண்ணாடி முன் நின்று கழுத்துப்பட்டையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

"கட்டைங்க."

"அண்ணன் வாங்கிட்டுப் போயிட்டாருங்க. இன்னிக்கு விருந்தாளி வர்றாங்க இல்ல. உங்களுக்கு நாளைக்குச் சேர்த்துத் தர்றேன்."

அவர் கட்டை வைக்கும் அலமாரியைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "போன ரெண்டு மொறயும் கரண்டு இல்லாம போச்சுங்க. வெங்காயம் தலய சாச்சுருச்சு. இன்னிக்குத் தண்ணி உடலீன்னா நாளைக்கு உட்டு பிரயோசனமில்லீங்க."

"ஒரு நாள்ல ஒண்ணும் ஆகாது."

"சண்முகம் சாரக் கேட்டீங்களா? அந்தம்மாவக் கேட்டீங்களா? மூணு பேரும் சொல்லாம மாத்தறதில்லைன்னு சொன்னீங்களே."

எனக்குக் கோபம் வந்தது. ஒரு விவசாயி என் கூட்டாளிகளின் பெயரை எனக்கே நினைவூட்டுகிறார் என்ற கோபம்.

"இங்க பொறுப்பு நானா, சண்முகமா?"

அவர் என்னைப் பார்த்தார். "நீங்கதானுங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். வாசலில் சாத்தியிருந்த மண்வெட்டியைத் தோளில் எடுத்து வைத்தார். அதை நான் பார்த்தேன். கூப்பிட்டிருக்கலாம். அவரோடு நானும் நடந்து போய்க் கட்டைகளை வாங்கிக் கொடுத்திருக்கலாம். நான் கண்ணாடியின் பக்கம் திரும்பினேன்.

5

பாவாயி ஓடி வந்து கூப்பிட்டுத்தான் போனேன். அவள் கையிலும் வெட்டு இருந்தது. நடுவில் விழுந்து தடுத்திருக்கிறாள்.

நல்லப்பன் வாய்க்காலில் மல்லாந்து கிடந்தார். கழுத்துக்கும் தோளுக்கும் நடுவே மண்வெட்டி இறங்கியிருந்தது. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தது. தண்ணீர் அவரைச் சுற்றி வளைந்து, சிவந்து, வாழைக்குப் போய்க்கொண்டிருந்தது. நான் முட்டி போட்டு, என் கழுத்துப்பட்டையை அவிழ்த்து மடித்து அந்தப் பிளவில் அழுத்தினேன். ரத்தம் விரலிடுக்கில் பீறிட்டது. அவர் வாய் திறந்து மூடியது. சத்தம் வரவில்லை. என் கைக்குக் கீழேயே துடிப்பு நின்றது. மோட்டாரை நிறுத்த யாருக்கும் தோன்றவில்லை.

செங்கோடன் ஓடவில்லை. வரப்பில் நின்றார். கூட்டம் சேரச் சேர என்னைப் பார்த்துக் கத்தினார்:

"டாக்டருங்க, மொற என்னுதுன்னு சொல்லுங்க! இவங்களுக்குச் சொல்லுங்க! நான் திருட வரலீங்க! மொற என்னுதுங்க!"

நல்லப்பனின் மைத்துனர்கள் மாடு கட்டும் முளைக்குச்சிகளைப் பிடுங்கிக்கொண்டு பாய்ந்தார்கள். முதல் அடி முழங்காலில் விழுந்து எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. விழுந்தவரைச் சுற்றி நின்று அடித்தார்கள். ஒருவன் குச்சியின் கூரான பக்கத்தைத் திருப்பி முகத்தில் குத்தினான். இடது கண் போயிற்று. அவ்வளவுக்கும் நடுவே "மொற என்னுதுங்க" என்ற குரல் வந்துகொண்டிருந்தது. பாவாயி என் காலைப் பிடித்துக்கொண்டு, "சாமி, ஒரு வார்த்த சொல்லுங்க சாமி" என்று மண்ணில் தலையை மோதினாள்.

அந்த ஒரு வார்த்தையை நான் சொல்லவில்லை. சொன்னால் அந்தக் குச்சிகள் என் பக்கம் திரும்பும் என்று பயந்தேன். இறந்தவரின் கழுத்தை அழுத்தியபடியே, இன்னும் உயிர் இருப்பதுபோலக் குனிந்து உட்கார்ந்திருந்தேன்.

கார் வந்து நின்றதும் முதலில் இறங்கியது சண்முகம். கண்டதும் கதவைச் சாத்தி, காரைத் திரும்பிப் போகச் சொன்னார். பேராசிரியரிடம் வயலில் ஒரு விபத்து என்று சொல்லப்பட்டது.

6

வழக்கு நடந்தது. கொன்றது செங்கோடன்தான், அவரே ஒத்துக்கொண்டார். அண்ணனுடைய முறையில் தண்ணீரைப் பறிக்கப் போய் வெட்டினாரா, தன்னுடைய முறையைப் பறிகொடுத்த ஆத்திரத்தில் வெட்டினாரா என்பது மட்டும்தான் கேள்வி. தண்டனையின் அளவு அதில் இருந்தது என்று அவர் வக்கீல் என்னிடம் வந்து விளக்கிச் சொன்னார்.

எங்கள் துறைத் தலைவர் என்னைக் கூப்பிட்டார். கட்டை கொடுத்த விஷயம் வெளியே வந்தால் கல்லூரியின் பெயர் கெடும், நிலையத்தை மூடுவார்கள், வெளிநாட்டு இடமும் போகும் என்றார். நான் சண்முகத்திடம் போனேன். அவர் விளையாட்டுப் பேச்சு எதுவும் பேசவில்லை. "எங்க முதல்வரும் இதையே சொல்லீட்டாருங்க. நான் கோர்ட்டுப் பக்கம் வரல" என்றார். மூன்று கல்லூரிகள் ஒரு பேச்சும் இல்லாமல் முழு மனதாக ஒத்துழைத்த காரியம் அது ஒன்றுதான்.

சரோஜா மட்டும் சாட்சிக் கூண்டில் ஏறி, அன்று முறை செங்கோடனுடையது என்று சொன்னார். அரசு வக்கீல், "கட்டையை யார் யாரிடம் கொடுத்தார்கள் என்று நீங்கள் பார்த்தீர்களா?" என்று கேட்டார். "இல்லை, நான் சேலத்தில் இருந்தேன்" என்றார்.

பார்த்தவன் நான். அடுத்து நான் ஏறினேன்.

"டாக்டர், கட்டைகளை நீங்கள் யாருக்குக் கொடுத்தீர்கள்?"

"நான் கொடுக்கவில்லை. திறந்த அலமாரி. யார் வேண்டுமானாலும் எடுத்திருக்கலாம்."

"அன்று யார் முறை?"

"நினைவில்லை."

செங்கோடன் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தபடி நின்றார். ஆயுள் தண்டனை விதித்தார்கள்.

வெளியே வேப்பமரத்தடியில் சரோஜா என் முன்னால் வந்து நின்றார். "சார், அவங்க வெட்டிக்கிட்டா மம்முட்டி தெரியுது, ரத்தம் தெரியுது. நீங்க வெட்டறது தெரியவே மாட்டேங்குது" என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறப் போனார். அதன் பிறகு அவரை நான் பார்க்கவில்லை.

கடவுச்சீட்டுக்குக் காவல் நிலையத்தில் நற்சான்று வேண்டும். வழக்கில் என் வாக்குமூலத்தை எழுதிக்கொண்ட ஆய்வாளரே அதிலும் கையெழுத்துப் போட்டார். "நல்லபடியாப் போயிட்டு வாங்க சார், நம்ம ஊருக்குப் பெருமை" என்று எழுந்து நின்று கை கொடுத்தார். இங்கு வந்து சேர்ந்ததும் பேராசிரியர் என்னைப் பேசச் சொன்னார். கிணற்றைப் பற்றிப் பேசினேன். 'முறை' என்பதற்கு இங்கே ஆஸ்பத்திரியில் செவிலியர்களின் வேலை அட்டவணைக்குச் சொல்கிற சொல்லைப் போட்டேன். அந்தச் சொல்லில் வறட்சி இல்லை, மண்வெட்டி இல்லை. எல்லோருக்கும் உடனே புரிந்துவிட்டது.

7

எண்பதுகளின் கடைசியில் அப்பாவின் காரியத்துக்காக ஊருக்குப் போனபோது, செங்கோடன் விடுதலையாகி வந்துவிட்டார் என்று தெரிந்தது. ஏதோ ஒரு தலைவரின் பிறந்த நாளில் வெளியே விட்டவர்களில் அவரும் ஒருவர். நிலம் நல்லப்பனின் பிள்ளைகளிடம் போய்விட்டது. பாவாயி இளம்பிள்ளையில் தன் அக்காள் வீட்டில் தறிக்கு நூல் தார் சுற்றிப் பிழைத்துக்கொண்டிருந்தாள். அவரும் அங்கேதான் இருந்தார்.

உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். சூரமங்கலத்தில் டவுன் பஸ் ஏறியதிலிருந்து சொல்ல வேண்டிய வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

பகல் நேரம். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. செங்கோடன் சுவரோரம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். கால் வளைந்து சேர்ந்திருந்தது. என்னைக் கண்டதும் எழ முயன்றார்.

"வாங்க டாக்டருங்க. உக்காருங்க. பாவாயி, டாக்டரு வந்திருக்காரு பாரு, டீ வெய்யி."

பாவாயி ராட்டையிலிருந்து எழவில்லை. சுற்றுவதை மட்டும் நிறுத்தினாள்.

"அவளுக்கு இன்னும் கோவம் போகலீங்க. எனக்கு உள்ள இருக்கறப்பவே போயிருச்சு. எத்தன நாளைக்குத்தான் அதயுங் கட்டிக் காக்கறது?" என்று சிரித்தார். "சீமையில சவுரியமுங்களா? கொழந்தைங்க?"

"ஒரு பொண்ணு."

"நல்லாருக்கட்டும் சாமி." வளைந்த காலைக் கையால் நகர்த்தி வைத்தார். "ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளுங்க."

"நெனப்பு வந்துருச்சுங்களா?"

அக்காள் வீட்டுக்காரர் தறியை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். வழக்கு முடிந்திருந்தது. தண்டனை முடிந்திருந்தது. எனக்கு அங்கே எந்த ஆபத்தும் இல்லை. பஸ்ஸில் பழகிய வாக்கியம் நாக்கில் இருந்தது.

"உடம்பு எப்படி இருக்கு செங்கோடன்?" என்றேன்.

அவர் வலது கையை என் பக்கம் நீட்டினார். நான் மணிக்கட்டைப் பிடித்து, கைக்கடிகாரத்தைப் பார்த்து, நாடியை எண்ணினேன்.

"நல்லா இருக்கு" என்றேன்.

"அப்பச் செரிங்க" என்றார்.

நான் விடும்வரை அவர் கையை எடுத்துக்கொள்ளவில்லை.